இருபத்து நாலில் ஒன்று

“ஒரு நாள் தண்ணிக்காகக் கூடப் பொறந்தவன் வூட்டையே வேண்டாம்னு போனவ. அவளுக்குப் போயி நீங்க பரிஞ்சு பேசறீங்களே, அத்த” என்றாள் சாலம்மாள், பால் சொசைட்டி வாசலில் கேனை இறக்கி வைத்துக்கொண்டே.

“ஒரு நாள் இல்லடி. இருபத்து நாலுல ஒரு நாளு.”

“அது என்ன கணக்கு?”

“அது அவ கணக்கு. சரியான கணக்கு.”

சரியான கணக்கு என்று அடித்துச் சொல்லிவிட்டேனே தவிர, சாலம்மாள் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு, “என்னமோ போங்க” என்று உள்ளே போய்விட்டாள். எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன்.

தீர்த்தம்மாள் மொரப்பூரில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்விட்டாள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பொய். அவள் தன்னுடைய ஒரு ஏக்கர் காட்டில், கொட்டாயில்தான் இருக்கிறாள். காலையில் என் வாசலில் நின்றால் அவள் அடுப்புப் புகை தெரியும். புகைக்குக் கீழே சாமந்தி மஞ்சளாகத் தெரியும். காகிதத்தை எண்ணி எண்ணிப் புத்தி பிசகிவிட்டது என்று இன்னொரு பேச்சு. அவள் காகிதம் எண்ணியது உண்மை. எண்ணியது என் களத்தில்தான். பிசகியது அவள் புத்தி இல்லை, எங்கள் எல்லாருடைய புத்தியும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஒட்டின கன்னம், நீண்ட கை. சிரிப்பு வந்தால் முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொள்வாள், பல்லைப் பார்த்தவர்கள் குறைவு. காரிமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் செத்துத் திரும்பி வந்தவள், படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பனை ஒன்பது வருஷம் புரட்டிப் போட்டுத் துடைத்தாள். அந்த மனுஷன் முதுகில் ஒரு புண் வரவில்லை. பேச்சு நிற்பதற்கு முன்னால் அவர், பெரிய கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரை மகளுக்கு எழுதினார். பாக்கி நிலமும் வீடும் மகன் சின்னராஜுக்கு. பெரிய கிணற்றில் அவருக்கு ஆறில் இரண்டு பங்கு இருந்தது. அதில் ஒன்று மகளுக்கு, ஒன்று மகனுக்கு. தம்பி வீட்டில் வாசலை ஒட்டிய அறையில் அவள் இருந்துகொண்டாள். அவள் பூப்பறித்தாள், தம்பி பெண்டாட்டி சசிகலா சமைத்தாள். வீடு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் மூன்று பேரிடம் கேட்பாள். செடிக்கு வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு வைப்பது, தேள் கடிக்கு எந்தத் தழை, எந்த பஸ் முன்னால் வரும் என்று என்னிடம் ஒரு தரம், பச்சியப்பனிடம் ஒரு தரம், சாலம்மாளிடம் ஒரு தரம். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வோம். முந்தானை மூக்குக்குப் போகும்.

“மூணு வாயி மூணு சொல்லுது, ஆயா. இனி நானே இருந்து பாத்துக்கறன்” என்பாள்.

அந்த ‘இருந்து பாத்துக்கறன்’ அவளுடைய சொந்தச் சொல். பஸ் வருகிறது என்று ஹாரன் கேட்டாலும் மூட்டையைத் தூக்க மாட்டாள். பஸ்ஸின் முகப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். டாக்டர் மூன்று நாளில் சரியாகும் என்றால் நாலாம் நாள் போய், “மூணு நாளு ஆச்சுங்க, சரியாச்சுங்க” என்று சொல்லிவிட்டு வருவாள். அதற்கென்று ஒரு பஸ் பிடித்துப் போவாள்.

இன்னொன்று காலண்டர். உரக்கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் வாசல்படி ஓரம் ஆணியில் தொங்கும். முகம் கழுவுவதற்கு முன்னால் முந்தைய நாள் தாளைக் கிழிப்பாள். எறிய மாட்டாள். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை வளைத்து வைத்திருந்தாள், அதில் குத்திவிடுவாள். சாமந்தி விதை மடிக்க, மிளகு மடிக்க, கண்ணாடி துடைக்க எல்லாம் அந்தத் தாள்தான். ராசிபலன் படிக்கிறாயா என்று கேட்டதற்கு, “நாளு போனதுக்கு அப்பறம் பலனப் படிச்சி என்ன ஆவப்போவுது” என்றாள். அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பூப்பறித்துப் பறித்து அவள் கட்டைவிரல் நகம் பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் ஏறிக் கிடக்கும், தேய்த்தாலும் போகாது.

இனி கிணற்றுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஒரு கிணறு ஒரே ஆளுக்கு இருப்பது அபூர்வம். பெரிய கிணற்றில் ஆறு பங்கு, அதில் ஒன்று எங்களுடையது. மேற்கே கல்லுக்கிணற்றில் எட்டுப் பங்கு. இரண்டிலும் தண்ணீர் ஒரே மாதிரிதான்: மூன்று மணி நேரம் மோட்டார் ஓடினால் பாறை தெரியும், மறுநாள் காலை அதே அளவு ஊறி நிற்கும். அன்றைக்கு ஊறினது அன்றைய முறைக்காரருக்கு. பெரிய கிணற்றின் ஸ்டார்ட்டர் பெட்டிச் சாவியைக் காலையில் வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பது பச்சியப்பன். அவன் சாவியோடு வந்து வாசலில் நின்றால் அன்றைக்குத் தண்ணீர் உங்களுடையது. அவனுக்கு எழுத்து வராது. ஆனால் முறை தவறியதில்லை.

தை மாசம் முடிகிற சமயம் சின்னராஜ் அக்காவிடம் ஒரு யோசனை சொன்னான். கல்லுக்கிணற்றில் அவன் எட்டில் ஒரு பங்கு வாங்கி வைத்திருந்தான். அதை அக்காவுக்கு மாற்றித் தருவது, அக்காவுடைய ஆறில் ஒன்றை இவன் எடுத்துக்கொள்வது. அவனுக்குப் பெரிய கிணற்றில் இரண்டு பங்கும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அவள் காட்டுக்குக் கல்லுக்கிணற்றுக் குழாயும் கிட்டம்தான்.

“உனக்கு நட்டமில்லக்கா. ஆறுல ஒண்ணு குடுத்து எட்டுல ஒண்ணு வாங்கற. எட்டு பெருசுதான?” என்றானாம்.

தீர்த்தம்மாள் வழக்கம்போல் மூன்று பேரிடம் கேட்டாள்.

பச்சியப்பன் தலையைச் சொறிந்து, “எட்டு பெருசுதான்மா. எண்ணிப் பாரேன், ஆறுக்கு அப்பறந்தான எட்டு வருது” என்றான்.

சாலம்மாளுக்குக் கல்லுக்கிணற்றில் எட்டில் ஒரு பங்கு உண்டு. அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எங்க கெணறு எட்டு வூட்டுக்குத் தண்ணி குடுக்கற கெணறு. உங்க கெணறு ஆறு வூட்டுக்கே மூச்சு வாங்குது. யோசிக்காம வா” என்றாள்.

மூன்றாவது என்னிடம் வந்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “எட்டு பெருசு, வாங்கிக்க” என்றேன். இன்றைக்கும் சொல்கிறேன், எட்டு பெரிசுதான். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எது பெரிசு என்பதில்தான் எங்கேயோ கால் வழுக்கிவிட்டது.

அவள் முழித்தாள். அவள் ஆயுசில் மூன்று வாய் ஒரே சொல் சொன்னது அன்றைக்குத்தான். “மூணு பேரும் ஒண்ணே சொன்னா அப்பறம் நான் எதுக்கு இருந்து பாக்கறது” என்று சொல்லிச் சம்மதித்தாள். பத்திரம் பிறகு பதிவு செய்துகொள்ளலாம், முதலில் ஒரு பூ வெள்ளாமை வாய்ப்பேச்சாக ஓடட்டும் என்று முடிவானது. பச்சியப்பன் அவள் முறைச் சாவியைச் சின்னராஜிடம் கொடுக்க ஆரம்பித்தான்.

மாசியில் ஒன்றும் தெரியவில்லை. பங்குனி வெயில் ஏறினதும் சாமந்தி தலை தொங்கியது. ஆறு நாள் நிமிர்ந்து நிற்கும், ஏழாம் நாள் இலை சுருளும், எட்டாம் நாள் தண்ணீர் வரும்போது பாதி மொக்கு கருகியிருக்கும். தீர்த்தம்மாள் முதலில் மண்ணைக் குறை சொன்னாள். பிறகு மோட்டாரை. பிறகு வெயிலை. கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட்டு, கடத்தூருக்குப் போய்க் கண் காட்டிவிட்டு வந்தாள். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குழப்பம் அதிகமானது.

வரப்பில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்: “பெரிய பங்குதான ஆயா வாங்கனன். செடிக்கு ஏன் பத்தல?”

நான் வேர்ப்புழு என்றேன். பச்சியப்பன் உரம் சூடு என்றான். சாலம்மாள் கண்ணேறு என்று சொல்லி ஒரு பூசணிக்காயையே கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வாய், மூன்று சொல். தீர்த்தம்மாளின் முகம் தெளிந்துவிட்டது. முந்தானை மூக்குக்கு ஏறியது. “அப்ப இருந்து பாத்துக்கறன்” என்றாள். பூசணிக்காயைக் குழம்பு வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் இருந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. காலையில் தாளைக் கிழிப்பாள், கம்பியில் குத்துவாள். ஒருநாள் சசிகலா மிளகாய்த்தூள் மடிக்க ஒரு தாளை உருவப் போனபோது, “அத வுடு, அது எனக்கு வேணும்” என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். புத்தி பிசகிவிட்டது என்ற பேச்சு அன்றைக்குத்தான் கிளம்பியது.

சித்திரையில் ஒரு மத்தியானம் கம்பியோடு என் களத்துக்கு வந்தாள். இருபத்து நாலு தாளை உருவினாள். நான் கேப்பை காயவைத்திருந்த இடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, தாளை வரிசையாக அடுக்கினாள். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொடிக்கல். ஒரு வரிசைக்கு ஆறு தாள். நாலு வரிசை வந்தது.

“இது நம்ம பெரிய கெணறு, ஆயா. ஆறு நாளைக்கு ஒருக்கா சாவி வரும். ஒவ்வொரு வரிசையிலயும் கடைசித் தாளு என்னுது. எத்தன?”

எண்ணினேன். நாலு.

கல்லை எடுத்தாள், தாளை எடுத்தாள். அதே தாள்களை மறுபடி அடுக்கினாள். இந்தத் தரம் வரிசைக்கு எட்டு. மூன்று வரிசைதான் வந்தது.

“இது கல்லுக்கெணறு. கடைசித் தாளு எத்தன?”

“மூணு” என்றேன். பிறகு, “ஒரு தாள் எங்கடி போச்சு? காத்துல பறந்துருச்சா?” என்று சுற்றும் முற்றும் தேடினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாள் எல்லாம் இருந்தது. மறுபடி எண்ணினேன். இருபத்து நாலு. அவள் முறைக்கு வந்த தாள் மட்டும் மூன்று.

“ஆனா வரிசை நீளமா இருக்குதே. ஆறு தாளு வரிசையவிட எட்டு தாளு வரிசை நீளந்தான? நீளமா இருந்தா பெருசுதான?” என்றேன். எனக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை.

“வரிசை நீளம் நான் காத்துக் கெடக்கறது, ஆயா. தண்ணி கடைசித் தாளு மட்டுந்தான்.”

அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. அவள் போனதும் போய்விட்டது. சாயங்காலம் கோழிக்குத் தீவனம் போட ஆழாக்கை எடுத்தேன். எட்டு ஆழாக்கு ஒரு படி. அதே ஒரு படியை ஆறு பேருக்குப் பிரித்தால், ஆளுக்கு ஆழாக்குக்கு மேலேயே வரும். இது என் கைக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். வாய் மட்டும் எட்டு பெருசு என்று சொல்லியிருக்கிறது. ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், கோழிகள் காலைக் கொத்தின.

மறுநாள் போய், “அப்ப கல்லுக்கெணத்துலயே இன்னொரு பங்கு வாங்கித் தரச் சொல்லு” என்றேன். அவள் அதையும் தாளில் போட்டுப் பார்த்திருந்தாள்.

“எட்டுல ஒண்ணுன்னா இதுல மூணு தாளு. எட்டுல ரெண்டுன்னா ஆறு தாளு. என்னுது நாலு. மூணு பத்தல, ஆறு எனக்கு அதிகம். தம்பி வவுத்துல அடிக்கக் கூடாது. இருபத்து நாலுல ஒண்ணு மட்டும் குடுத்தா போதும்.”

“சின்னராஜுக்கு எத்தனை தாளு?”

“ஆறுல ரெண்டு. எட்டு தாளு. அவனுக்கு மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி.”

ஆறில் இரண்டு என்பதும் மூன்றில் ஒன்று என்பதும் ஒன்றுதானாம். இரண்டு எப்படி ஒன்றாகும்? அவள் தாளை அடுக்கிக் காட்டினாள், சரியாகத்தான் வந்தது. அடுக்கினால் சரியாக இருக்கிறது, கலைத்தால் எனக்குக் கலைந்துபோகிறது. அந்த இடம் எனக்கு இன்றைக்கும் தெளியவில்லை, அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

அவள் தம்பியிடம் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன், உறைமோர் வாங்கப் போயிருந்தேன். அவன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, பத்திரத்துல ஒரு வரி சேத்துரு. இருபத்து நாலு நாளைக்கு ஒருக்கா பெரிய கெணத்துல உன் முறையில ஒரு நாள் எனக்கு.”

“அது எதுக்குக்கா?”

தாளைத் தரையில் அடுக்கினாள். நாலு வரிசை, பிறகு மூன்று வரிசை. அவன் குனிந்து பார்த்தான். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டான். காது சிவந்தது. அவன் பன்னிரண்டாவது படித்தவன். அவனுக்கு முதலிலேயே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா? அந்தக் காதை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். தெரிந்தவன் காதும் சிவக்கும், தெரியாதவன் காதும் சிவக்கும்.

“நான் ஏமாத்தலக்கா. எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு” என்றான்.

“நீ ஏமாத்தனன்னு நான் சொன்னனா? ஒரு வரி சேத்துரு.”

“இருபத்து நாலுல ஒண்ணுன்னு எந்தப் பத்திரத்துல எழுதுவாங்க? ஆறுல ஒண்ணு, எட்டுல ஒண்ணுன்னு எழுதுவாங்க. இத எழுதச் சொன்னா ஊரே சிரிக்கும். ஒரு நாளுக்கா இவ்வளவு?”

“வருசத்துக்குப் பதினஞ்சு தண்ணி” என்றாள். “பதினஞ்சு தண்ணி இல்லன்னா எனக்கு ஒரு பூ வெள்ளாமை இல்ல.”

சசிகலா கரண்டியோடு வெளியே வந்தாள். “அண்ணி, நாங்க என்ன உங்களுக்கு வேலி போட்டா வெச்சிருக்கறோம்? ஒரே வூட்ல ஒரே சட்டியில திங்கறோம். இதுல நாலு தாளு மூணு தாளுன்னு விரிச்சிப் போட்டு எண்ணறீங்க. அடுத்து இட்லிய எண்ணுவீங்களா?”

தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை இழுத்துக்கொண்டாள். அதைச் சசிகலா தன்னைக் கேலி செய்வதாக எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் மோர் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் சாலம்மாளுக்குத்தான் வயிற்றெரிச்சல். எட்டாம் பங்குக்காரி என்று இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்தவளிடம், உன் பங்கு எங்களுடையதைவிடச் சின்னது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் எங்கள் கிணற்றையும் பார்த்தாள், தன் கிணற்றையும் பார்த்தாள், அன்றிலிருந்து தீர்த்தம்மாளைப் பற்றிய பேச்சை நிறுத்தவில்லை. தீர்த்தம்மாளோ அவளைக் கண்டால் வழக்கம்போல், “சாலக்கா, இந்தப் பூச்சிக்கு என்ன அடிக்கலாம்?” என்றுதான் கேட்பாள்.

பதிவுக்கு வைகாசியில் ஒரு நாள் குறித்தார்கள். சின்னராஜ் வாடகைக்குக் கார் சொல்லியிருந்தான். நானும் பச்சியப்பனும் சாட்சிக்கு; இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு காலையிலேயே அவர்கள் வாசலுக்குப் போய்விட்டேன். பச்சியப்பன் கையில் சாவி இருந்தது.

“இன்னிக்கு யார் முறை?” என்று கேட்டேன்.

“பழைய கணக்குக்குத் தீர்த்தம்மா முறை. புதுக் கணக்குக்குச் சின்னராஜ். எப்பிடியோ ஒரே வூடு, இங்கதான் குடுக்கணும்” என்றான். குடுக்கவில்லை. பத்திரம் முடியட்டும் என்று நினைத்தானோ என்னவோ, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான்.

தீர்த்தம்மாள் உள்ளேயிருந்து வரவில்லை. கார்க்காரன் ஹாரன் அடித்தான். சின்னராஜ் அறை வாசலில் போய் நின்றான்.

“கெளம்புக்கா. நேரமாச்சு.”

“அந்த ஒரு வரி?”

“அது முடியாதுக்கா. சொன்னனில்ல.”

“அப்ப நான் வரல. என் ஆறு ஆறாவே இருக்கட்டும். உன் எட்ட நீ வெச்சிக்க.”

சின்னராஜ் எங்களைத் திரும்பிப் பார்த்தான். கார்க்காரன் பார்த்தான். எதிர்வீட்டுத் திண்ணையில் சாலம்மாள் கீரை ஆய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு மானம் போனதுபோல் ஆகிவிட்டது.

“கையெழுத்துப் போடறதா இருந்தா இந்த வூட்ல இரு. இல்லன்னா உன் ஆறோடயே போயிரு” என்றான். சொன்ன வேகத்திலேயே முகம் கோணிக்கொண்டது. சொன்னதை எடுத்துக்கொள்ள யாராவது வழி சொல்வார்களா என்று அவன் என்னைப் பார்த்தான். எட்டு பெருசு, வாங்கிக்க என்று சொன்ன வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரம் அறைக்குள் பெட்டி இழுபடுகிற சத்தம். சசிகலா, “அண்ணி, அவரு கோவத்துல சொன்னதுங்க, சாப்புட்டுப் பேசிக்கலாம் வாங்க” என்று ஓடினாள். தீர்த்தம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டாள், அந்த மஞ்சள் நகக் கையால். “கோவமில்ல சசி. எட்டு நாளைக்கு என்னால காத்துக் கெடக்க முடியல, அவ்வளவுதான்” என்றாள்.

ஒரு துணி மூட்டையும், கம்பியில் குத்தின தாள்களுமாக வெளியே வந்தாள். வாசல்படியில் நின்றாள். ஆணியில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் போன நாள் தாளைத்தான் கிழிப்பாள். அன்றைக்கு நாள் இன்னும் போகவில்லை, வெயில்கூட வாசலுக்கு வரவில்லை. அன்றைய தாளைக் கிழித்தாள். அது ஒன்றை மட்டும். பாக்கி நாளையெல்லாம் அந்த வீட்டு ஆணியிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

நேரே பச்சியப்பனிடம் போனாள். தாளை அவன் கையில் வைத்தாள். மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சாவிக்காக வலது கையை விரித்து நீட்டினாள்.

பச்சியப்பன் தாளைப் பார்த்தான். அதில் இருந்தது அவனுக்குப் படிக்க வராது. சின்னராஜைப் பார்த்தான். சின்னராஜ் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நீட்டின கையை மடக்கவில்லை.